கோலாலம்பூரில் சிறிய இணையச் சேவை தொடங்குகிறீர்களா? அப்ஸ்ட்ரீமையும் ரவுட்டரையும் தேர்ந்தெடுக்கும் வழி

புதிதாக இணையச் சேவை தொடங்க நினைக்கும் தம்பிமார் செந்தூலில் இருக்கும் என் கடைக்கு வரும்போது, பெரும்பாலும் கையில் ஒரு ரவுட்டரின் விலைப்பட்டியலோடுதான் வருகிறார்கள். "அண்ணே, இந்தப் பெட்டி போதுமா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் பட்டியலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "இரவு ஒன்பது மணிக்கு உங்க கொண்டோவில் எத்தனை வீட்டில் படம் ஓடும்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் அப்ஸ்ட்ரீமை, அதாவது உங்களுக்கு மொத்தமாக பேண்ட்வித் விற்கும் நிறுவனத்தை, முடிவு செய்ய முடியும். அப்ஸ்ட்ரீம் முடிவானால்தான் ரவுட்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது தெரியும். வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். நான் மாற்றித்தான் தொடங்கினேன். அந்த முதல் ரவுட்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

முதலில் காகிதம்

1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் உரிமங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கட்டமைப்பு வசதி, கட்டமைப்புச் சேவை, பயன்பாட்டுச் சேவை, உள்ளடக்கப் பயன்பாட்டுச் சேவை. கேபிள் யாருடையது, மாடிக்கு மாடி ஃபைபர் நீங்களே இழுக்கிறீர்களா, பிறர் கம்பியை வாடகைக்கு எடுக்கிறீர்களா என்பதை ஒரு பக்கத்தில் வரைந்துகொண்டு சைபர்ஜெயாவில் இருக்கும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தை அணுகுங்கள். வாய்ச்சொல்லை விட அந்த வரைபடம் வேலையைச் சுருக்கும். கொண்டோவாக இருந்தால் நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். உரிமம் இல்லாமல் அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களின் விற்பனை அதிகாரியிடம் பேசுவது நேர விரயம்.

அடுத்தது ஏப்நிக். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபி முகவரியும் ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் உங்கள் வலையின் அடையாள எண்) ஒதுக்கும் அமைப்பு இது, தலைமையகம் பிரிஸ்பேனில். 2019 முதல் புதிய உறுப்பினருக்கு அதிகபட்சமாகக் கிடைக்கும் ஐபிவி4 (பழைய முறை) முகவரிகள் ஒரு /23 தொகுதி, அதாவது 512. ஐபிவி6 என்ற புதிய முறையில் ஒரு /32 கிடைக்கும், அது உங்கள் ஆயுளுக்கும் போதும். சொந்த முகவரியும் சொந்த ஏஎஸ் எண்ணும் இல்லாமல் அப்ஸ்ட்ரீமின் முகவரியை வைத்தே தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தொடங்கலாம்தான். ஆனால் அந்த நிறுவனத்தை விட்டு விலகும் நாளில் எல்லாச் சந்தாதாரரின் முகவரியையும் மாற்ற வேண்டிவரும். பேரம் பேசும் பலம் முழுவதும் அவர்கள் கையில் போய்விடும். உறுப்பினர் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

512 முகவரியை வைத்து எத்தனை வீட்டுக்குச் சேவை தருவது என்ற பயம் வேண்டாம். வீடுகளுக்கு 100.64.0.0/10 என்ற பகிர்வு முகவரித் தொகுதியிலிருந்து கொடுத்து, வெளியே போகும்போது பொது முகவரியாக மாற்றலாம். ஒரு பொது முகவரியில் பயன்படுத்தத் தக்க போர்ட்டுகள், அதாவது ஒரே முகவரியில் ஓடும் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள், ஏறத்தாழ 64,500. வீட்டுக்கு 2,000 போர்ட் ஒதுக்கினால் ஒரு முகவரியில் 32 வீடுகள். 100 முகவரிகளை இதற்கென்று வைத்தாலே 3,200 வீடுகள் ஆயிற்று. எந்த வீட்டுக்கு எந்தப் போர்ட் தொகுதி என்று நிலையாக எழுதிவைத்துவிடுங்கள். பின்னால் காவல்துறை ஒரு முகவரியும் நேரமும் கொடுத்து விசாரித்தால், கோடிக்கணக்கான பதிவுகளைத் துழாவாமல் பதில் சொல்ல முடியும்.

இரவு ஒன்பது மணிக் கணக்கு

நீங்கள் விற்கும் வேகம் வேறு, உங்கள் வாசலில் ஓடும் பேண்ட்வித் வேறு. 300 மெகாபிட் திட்டம் வாங்கிய 400 வீடுகள் 120 கிகாபிட் கேட்பதில்லை. இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரைதான் உச்சம். அந்த நேரத்தின் மொத்த டிராஃபிக்கை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எண். என் வலையில் அது இரண்டரை மெகாபிட்டைச் சுற்றி நிற்கிறது. 400 வீட்டுக்கு 1 கிகாபிட். உங்கள் எண் வேறாக இருக்கலாம். மாணவர் விடுதி என்றால் நிச்சயம் கூடும். ஐம்பது வீடு சேர்ந்த உடனே லிப்ரேஎன்எம்எஸ் போன்ற இலவச மென்பொருளை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கத் தொடங்கிவிடுங்கள். தீபாவளி விடுமுறை, மழைக்கால ஞாயிறு மாலை, பெரிய பந்தாட்டம் நடக்கும் இரவு ஆகியவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

இதிலிருந்து இரண்டு விதிகள். உச்சம் இணைப்பின் எழுபது விழுக்காட்டைத் தொட்ட அன்றே கூடுதல் பேண்ட்வித்துக்கு ஆர்டர் கொடுங்கள், ஏனென்றால் அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் தனியாகவே முழு உச்சத்தையும் தாங்க வேண்டும். ஆளுக்குப் பாதி என்று வாங்கி வைத்தால், ஒன்று அறுந்த இரவில் மற்றதும் திணறிச் செத்ததற்குச் சமம்.

விலை பேசும்போது பர்ஸ்ட் கணக்கைப் பற்றிச் சொல்வார்கள். மாதத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி, அதிகமான ஐந்து விழுக்காட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த எண்ணுக்குப் பில் போடுவது. கேட்க நன்றாக இருக்கும். முப்பது நாளில் 8,640 துண்டுகள். தள்ளுவது 432, அதாவது 36 மணி நேரம். உங்கள் உச்சமோ தினமும் மூன்று மணி நேரம், மாதத்துக்கு 90 மணி. ஆகவே வீடுகளுக்குச் சேவை தரும் நமக்கு இந்த முறையில் சலுகை எதுவும் இல்லை. உச்சத்துக்கே பில் வரும். அலுவலகங்களுக்குச் சேவை தருபவர்களுக்கும் அப்படித்தான். நிலையான வாடகைக்கே பேசுங்கள். ஆனால் போர்ட் (இங்கே கம்பி செருகும் வாய்) மட்டும் 10 கிகாபிட்டாகக் கேளுங்கள், அதில் 2 கிகாபிட் வாங்கினாலும் சரி. பிறகு வேகத்தைக் கூட்ட ஒரு மின்னஞ்சல் போதும், கம்பியை மாற்ற வேண்டியதில்லை.

எந்த அப்ஸ்ட்ரீம்?

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நாள் செலவிட வேண்டும்.

டிஎம், டைம், மேக்சிஸ் என்று பெயர்கள் தெரிந்தவைதான். ஒவ்வொன்றின் விற்பனை அதிகாரியிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் கேச் (அடிக்கடி பார்ப்பதை அருகிலேயே சேமித்துத் தரும் சர்வர்) உங்கள் வலைக்குள் இருக்கிறதா, அதை எனக்குத் திறந்துவிடுவீர்களா? உள்நாட்டு பேண்ட்வித்தும் வெளிநாட்டு பேண்ட்வித்தும் தனித்தனி விலையா? ஐபிவி6 அதே இணைப்பில் வருமா? என் முகவரி மீது தாக்குதல் வந்தால், அந்த ஒரு முகவரியை மட்டும் பிஜிபி (எந்த முகவரிக்கு எந்த வழி என்று வலைகளின் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) வழியாகச் சொல்லி உங்கள் பக்கத்திலேயே தடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு விற்பனை அதிகாரி விழித்தால் பரவாயில்லை, பொறியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பொறியாளரும் விழித்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள். சின்ன சேவையாளனுக்கு வரும் தாக்குதல் பெரும்பாலும் விளையாட்டில் தோற்ற ஒருவன் இன்னொருவன் வீட்டின் மீது ஏவுவதுதான். ஆனால் அது உங்கள் இணைப்பு முழுவதையும் அடைத்துவிடும். குழாய் அடைத்தபின் உங்கள் ரவுட்டரில் தடுத்து ஒரு பயனும் இல்லை.

பிறகு பாதையைப் பாருங்கள். பதினான்கு நாள் சோதனை இணைப்பு கேளுங்கள், தருவார்கள். இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்து டிரேஸ்ரூட் (தரவு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். கோலாலம்பூரிலேயே இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கு இரண்டு மூன்று மில்லிசெகண்டில் போய்விட வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் பாக்கெட் (தரவுத் துண்டு) சிங்கப்பூர் வரை போய்த் திரும்பி வருகிறது என்று பொருள். இரண்டு நிறுவனங்களும் உள்ளூரில் கைகோக்கவில்லை. அடுத்து சென்னை. நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அங்கே யாராவது உறவு இருக்கிறது, வீடியோ அழைப்பு தடங்கினால் உடனே நமக்குத்தான் போன் வரும். பினாங்கிலிருந்து சென்னைக்கு வங்காள விரிகுடா நுழைவாயில் என்ற கடலடிக் கேபிளே நேராகப் போகிறது. சிங்கப்பூர் வழியாகவும் கேபிள்கள் உண்டு. எப்படிப் போனாலும் 50 மில்லிசெகண்டை ஒட்டி முடிய வேண்டிய பயணம் அது. 200 காட்டினால் பாக்கெட் ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ பார்த்துவிட்டுப் போகிறது. திரும்பி வரும் பாதை போகும் பாதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் சென்னையில் இருக்கும் நண்பரிடமோ, அங்குள்ள ஒரு நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸ் பக்கத்திலோ (அவர்கள் வலையிலிருந்து வெளியார் சோதித்துப் பார்க்கும் இணையப் பக்கம்), உங்கள் முகவரியை நோக்கியும் ஓட்டிப் பாருங்கள்.

எத்தனை மலிவாகக் கொடுத்தாலும், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அவர்களது கண்காணிப்பு மையத்துக்கு ஒரு முறை போன் செய்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எடுப்பவருக்கு பிஜிபி என்றால் என்னவென்று தெரிகிறதா என்பது மட்டுமே சோதனை. ஒப்பந்தம் முதலில் பன்னிரண்டு மாதம் போதும். மூன்று ஆண்டுக்குக் கொடுக்கும் தள்ளுபடி கண்ணை இழுக்கும். பேண்ட்வித்தின் விலை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு டிராஃபிக்குக்கு மைஐஎக்ஸ் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய, இலாப நோக்கில்லாத மலேசிய இணையப் பரிமாற்ற மையம். உங்கள் ஏஎஸ் எண்ணோடு அங்கே ஒரு போர்ட் எடுத்தால், பல நிறுவனங்களோடு அப்ஸ்ட்ரீமுக்குக் காசு கொடுக்காமல் நேராகப் பரிமாறிக்கொள்ளலாம். சங்காட் ராஜா சூலானில் இருக்கும் மெனாரா ஏம்ஸ் கட்டடத்தில் மைஐஎக்ஸும் உண்டு, பல அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களும் உண்டு. அங்கே கால் ரேக் (கருவிகள் அடுக்கும் அலமாரியில் கால்பங்கு) வாடகைக்கு எடுத்து ரவுட்டரை வைத்து, அங்கிருந்து உங்கள் வட்டாரத்துக்கு ஃபைபர் வாடகைக்கு எடுப்பது என் பரிந்துரை. அப்ஸ்ட்ரீமை மாற்றுவது அதே கட்டடத்துக்குள் ஒரு கம்பியை மாற்றும் வேலையாகிவிடும்.

இரண்டு நிறுவனம், ஒரே குழி

இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

தொடங்கிய இரண்டாம் ஆண்டு என்னிடம் இரண்டு அப்ஸ்ட்ரீம் இருந்தது. இரண்டு பில், இரண்டு லோகோ, இரண்டு கம்பி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜாலான் ஈப்போ பக்கம் சாலை தோண்டிய இயந்திரம் ஒரு குழாயை இழுத்தது. இரண்டும் ஒரே நொடியில் போயின. பதினொரு மணி நேரம். கொண்டோ நிர்வாகக் குழுத் தலைவர் கீழே வந்து, சத்தம் போடாமல், "தம்பி, ரெண்டு லைன் இருக்குன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் அந்த இடத்துக்குப் போய் நின்றேன். மேன்ஹோல் மூடி திறந்து கிடந்தது. உள்ளே சேற்றுத் தண்ணீருக்கு மேல் ஒட்டுப்போடுகிறவர் குந்தி உட்கார்ந்து, தலைமுடி அளவு இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கேபிளில் தொங்கிய அட்டையைத் துடைத்துப் பார்த்தேன். என் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் கடைசி மூன்று கிலோமீட்டரை வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தது. அந்த வேறொருவர் முதல் அப்ஸ்ட்ரீமின் குழாயிலேயே கம்பி போட்டிருந்தார்.

அதன்பின் நான் கையெழுத்துப் போடும் முன் கேட்பது ஒன்று: கேஎம்இசட் கோப்பு. உங்கள் வாசலிலிருந்து அவர்கள் மையம் வரை கேபிள் போகும் வழியை கூகுள் எர்த்தில் காட்டும் கோப்பு அது. இரண்டு நிறுவனத்தின் கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து பாருங்கள். கோடுகள் ஒட்டிப் போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, காலையில் காற்றாட நடந்து மூடிகளை எண்ணுங்கள். கட்டடத்துக்குள் நுழையும் குழாயும் வேறாக இருக்கட்டும். தர மறுத்தால், "இந்த இரண்டு பாதையும் எந்த இடத்திலும் ஒரே குழாயில் சேராது" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்குத் தயங்குகிற நிறுவனம் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது பாதைக்கு ஃபைபரே கிடைக்காவிட்டால், உயரமான இரண்டு கூரைகளுக்கு இடையே மைக்ரோவேவ் போட்டாவது வானத்து வழியாகக் கொண்டுவாருங்கள். நம் ஊர் மழையில் வேகம் குறையும், ஆனால் எந்த இயந்திரமும் அதைத் தோண்டாது.

இப்போது ரவுட்டர்

முதல் கேள்வி: உலகின் முழுப் பாதைப் பட்டியலும் வேண்டுமா? ஐபிவி4-இல் அது ஏறத்தாழ 10 இலட்சம் வரிகள், ஐபிவி6-இல் 2 இலட்சத்துக்கு மேல். 2014 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அந்தப் பட்டியல் 5,12,000-ஐத் தாண்டியபோது, அந்த அளவுக்கே நினைவகம் வைத்திருந்த பழைய ரவுட்டர்கள் பல நாடுகளில் தடுமாறின. இரண்டாம் கை ரவுட்டர் வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மறக்கவே கூடாது. மலிவாகக் கிடைக்கும் பல பழைய பெட்டிகள் அந்த வரம்புக்குள் நிற்பவை.

என் கருத்து: தொடக்கத்தில் முழுப் பட்டியல் வேண்டாம். அது உங்களிடமிருந்து வெளியே போகும் டிராஃபிக்கின் வழியைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும். வீடுகளுக்குச் சேவை தரும் நமக்கு வருவதுதான் மலை, போவது மடு. ஒவ்வொரு அப்ஸ்ட்ரீமிடமும் இயல்புப் பாதையும் (பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் அனுப்பும் பொது வழி), அவர்களது நேரடி வாடிக்கையாளர்களின் பாதைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். மைஐஎக்ஸ் பாதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறை உண்டு: அப்ஸ்ட்ரீமின் வெளிநாட்டு இணைப்பு மட்டும் அறுந்தால் இயல்புப் பாதை அப்படியே நின்று, பாக்கெட்டுகள் இருட்டில் போய் விழும். அதற்காக, வெளி உலகில் இரண்டு மூன்று முகவரிகளை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தொடர்ந்து பிங் செய்து, பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை இறக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

உள்ளே வரும் மலையை எப்படிப் பிரிப்பது? உங்கள் /23-ஐ இரண்டு பக்கமும் பிஜிபியில் அறிவியுங்கள். அதோடு அதன் முதல் பாதியான /24-ஐ ஓர் அப்ஸ்ட்ரீம் வழியாகவும், இரண்டாவது /24-ஐ மற்றதன் வழியாகவும் அறிவியுங்கள். சிறிய தொகுதியின் அறிவிப்புக்கே உலகம் முன்னுரிமை தரும் என்பதால் ஆளுக்குப் பாதி வரும். ஒன்று அறுந்தால் /23 கைகொடுக்கும். பகிர்வு முகவரியிலிருந்து மாற்றும் தொகுதிகளையும் இரண்டு பாதியிலும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்நிக் தளத்தில் ஆர்பிகேஐ (எந்த ஏஎஸ் எண் எந்த முகவரியை அறிவிக்கலாம் என்பதற்கான சான்று) பதிவு செய்யும்போது /24-களுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அறிவிப்பே செல்லாது என்று பலரும் தள்ளிவிடுவார்கள்.

இந்த அளவுக்கு மைக்ரோடிக்கின் சிசிஆர்2116 நல்ல தொடக்கம்: 16 கோர், 16 ஜிபி நினைவகம், நான்கு 10 கிகாபிட் போர்ட். முழுப் பட்டியல் பின்னால் வேண்டுமென்றாலும் தாங்கும். அதே நிறுவனத்தின் பழைய சிசிஆர்1036-ஐ யாராவது சல்லிசாகக் கொடுத்தால், 36 கோர் என்று மயங்க வேண்டாம். ஆறாம் பதிப்பு மென்பொருளில் பிஜிபி வேலையை ஒரே கோர்தான் செய்யும். சிஸ்கோ ஏஎஸ்ஆர்1001-எக்ஸ் இரண்டாம் கையில் பார்த்தால் உரிமத்தைக் கேளுங்கள்: அடிப்படை 2.5 கிகாபிட், 20 வரை போக உரிமம் வேண்டும். லினக்ஸ் கைவந்தவர்கள் சாதாரண சர்வரில் பேர்ட் என்ற ரவுட்டிங் மென்பொருளைப் போட்டும் நடத்தலாம், அதுவும் நல்ல வழியே.

விளம்பரத் தாளில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். மைக்ரோடிக் தன் சோதனை அட்டவணையில் 64 பைட் பாக்கெட்டுக்கும், 25 ஃபயர்வால் விதிகள் போட்ட நிலைக்கும் தனி எண்கள் தருகிறது. பார்க்க வேண்டியவை அவை. 64 பைட் பாக்கெட்டாக வந்தால் 1 கிகாபிட்டில் நொடிக்கு 14.88 இலட்சம் பாக்கெட். தாக்குதல் அந்த உருவத்திலும் வரும்.

பிஜிபி பேசும் ரவுட்டரையும், முகவரி மாற்றும் ரவுட்டரையும் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளும் முகவரி மாற்றும் வேலையை, விளிம்பில் நின்று பிஜிபி பேசும் ரவுட்டருக்குக் கொடுத்தால், ஒரு வீட்டின் மீது வரும் தாக்குதல் எல்லா வீட்டையும் வீழ்த்தும். இருநூறு வீடு வரை ஒரே பெட்டியில் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அதே மாதிரியில் இன்னொன்று வாங்கி, அமைப்புகளை ஏற்றி, பெட்டியிலேயே வையுங்கள். லோ யாட் பிளாசாவில் ஃபைபர் கம்பியும் மாட்யூலும் கிடைக்கும். இரவு பதினொரு மணிக்கு ரவுட்டர் கிடைக்காது. கிளாங் பள்ளத்தாக்கில் இடி மின்னல் கடுமை என்பதால் ஒரு புளோக்கிலிருந்து இன்னொரு புளோக்குக்குச் செப்புக் கம்பி போடவே போடாதீர்கள், ஃபைபர் மட்டும்.

திறப்பதற்கு முன்

வடிகட்டிகளைப் போடாமல் பிஜிபி இணைப்பைத் திறக்காதீர்கள். 2015 ஜூன் 12-ஆம் தேதி டெலிகாம் மலேசியாவின் வலையிலிருந்து ஏறத்தாழ 1,79,000 பாதைகள் தவறுதலாக லெவல் 3 நிறுவனத்துக்குக் கசிந்து, உலகின் பல பகுதிகளில் இணையம் மெதுவானது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடந்தது. உங்கள் பக்கத்திலிருந்து உங்கள் /23, அதன் இரண்டு /24, உங்கள் ஐபிவி6 ஆகியவை மட்டுமே வெளியே போகட்டும். ஓர் அப்ஸ்ட்ரீமிடம் கேட்டதை இன்னோர் அப்ஸ்ட்ரீமிடம் சொல்லவே கூடாது. உள்ளே வருவதில் உங்கள் சொந்த முகவரியும், ஆர்பிகேஐ செல்லாது என்று சொல்வதும் தள்ளப்படட்டும். உங்கள் முகவரி அல்லாத மூல முகவரியோடு எந்தப் பாக்கெட்டும் உங்களைவிட்டுப் போகக் கூடாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளி உலகுக்கு மூடுங்கள். 2018-இல் வின்பாக்ஸ் (மைக்ரோடிக் ரவுட்டரை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓட்டை வழியாகக் கைப்பற்றப்பட்ட ரவுட்டர்களுக்குத் திருத்தம் முன்பே வெளிவந்திருந்தது; பலர் ஏற்றவில்லை, வாசலையும் மூடவில்லை.

பிறகு வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு, ஒரு பிங் ஓடவிட்டு, முதல் அப்ஸ்ட்ரீமின் ஃபைபரை நீங்களே கையால் உருவுங்கள். ரவுட்டரில் நேராகச் செருகியிருந்தால் உடனே மாறும். நடுவே அவர்களது சுவிட்ச் இருந்து, அதற்கு அப்பால் அறுந்தால், உங்கள் பக்கத்து விளக்கு பச்சையாகவே எரியும். பிஜிபி தன் காத்திருப்பு நேரம் முடியும் வரை நம்பிக்கொண்டிருக்கும், பல ரவுட்டர்களில் அது 180 நொடி. அதனால் அப்ஸ்ட்ரீம் பொறியாளரை அவர்கள் பக்கத்திலும் ஒருமுறை இறக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் பிங் நின்றால், இரு பக்கமும் பிஎஃப்டி (மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் முறை) போடச் சொல்லுங்கள்: 300 மில்லிசெகண்டுக்கு ஒரு தட்டு, மூன்று தவறினால் இறக்கம். மறுபடி உருவுங்கள். ஒரு நொடிக்குள் மாறினால், அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாவது அப்ஸ்ட்ரீமுக்கும் இதையே செய்யுங்கள்.